மூன்று முறை வெடித்த ஸ்டவ்

என் பிழைப்பு ஒற்றைச் சொல்லில் ஓடுகிறது. சிவகாசியில் அச்சாகி ஊர் ஊராகச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில், தேதிக்குக் கீழே பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கொரு சொல் போட்டிருக்குமே, வரவு, பகை, சுகம், அலைச்சல் என்று, அவற்றில் கணிசமானவை நான் எழுதியவை. ஜோதிடர் ஒருவர் கிரகங்களைக் கணித்து ராசிக்கு நான்கு வரி தருகிறார். கட்டத்தில் ஒரு சொல்லுக்குத்தான் இடம். நான்கு வரியை ஒரு சொல்லாக்குவது என் இலாகா. எழுத்தில் சுருக்கம் வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே படித்துவந்தேன். இவ்வளவு சுருங்கும் என்று எதிர்பார்க்கவில்லை. நகைச்சுவைக் கட்டுரைகளாக இரண்டு புத்தகங்களும் போட்டிருக்கிறேன். படித்து யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. ராசிபலனைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு.

அந்தச் சொற்களை நிஜமென்று எடுத்துக்கொண்ட ஒரே வாசகர் எங்கள் அச்சகத்துக் கேட்டில் நின்ற காவலாளி. எல்லோருக்கும் அவர் மிலிட்டரி. கும்ப ராசி. காலையில் நேற்றைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்றைய சொல்லை வாசித்து வைத்திருப்பார். நான் ஸ்கூட்டரில் நுழையும்போது விறைப்பாக ஒரு சல்யூட், அதோடு ஒரு புகார்.

"சார், இன்னிக்கு எனக்குப் 'பயணம்'னு போட்டிருக்கீக. இந்தக் கேட்ட விட்டு நான் எங்கன போக?"

"டீக்கடை வரைக்கும் போய்ட்டு வாங்க. அதும் பயணந்தான்."

"போன வாரமும் அங்கனதான போனேன். அன்னிக்கு 'ஓய்வு'ன்னுல்ல போட்டிருந்தீக?"

அச்சகத்தில் அவர்மேல் ஒரே ஒரு மனத்தாங்கல்தான் இருந்தது: ரம். பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு ராணுவக் கேன்டீனில் மலிவாகக் கிடைக்கும் என்பது எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? பைண்டிங் ஃபோர்மேன் வருடக்கணக்காகக் கேட்டுப் பார்த்தார். கார்டைப் புதுப்பிக்கணும், மதுரையில ஸ்டாக் இல்லியாம், மாலை போட்டிருக்கேன் என்று மிலிட்டரி நழுவிக்கொண்டே இருந்தார். கத்திரி வெயிலில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். சரியான கஞ்சன் என்று ஃபோர்மேன் தீர்மானித்துவிட்டார். நானும் அதை ஆதரித்தேன். நானும் ஒருமுறை கேட்டிருந்தேன்.

ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருட நாள்காட்டிகளின் மாதிரி ஆல்பம் வெளியாகி, ஏஜென்ட்டுகள் ஆர்டர் பிடிக்கக் கிளம்பியிருந்த சமயம். வெளியூரில் நிர்வாகம் படித்துவிட்டு வந்திருந்த சின்ன முதலாளி, கேட்டில் நிற்பவர்களின் டிஸ்சார்ஜ் புத்தகத்துக்கு நகல் கேட்டார். இன்சூரன்ஸ்காரர்களுக்குக் காட்ட வேண்டுமாம். அன்று மதியம் மிலிட்டரி என் அறைக்கு வந்து முதலில் கதவைச் சாத்தினார். பிறகு பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் அட்டை ஒன்றிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நான் ரிட்டயர் ஆன மிலிட்டரி இல்ல சார். பத்திவிட்ட மிலிட்டரி."

புத்தகத்தைப் புரட்டினேன். ஒன்பது வருட சர்வீஸ். வெளியேறிய காரணம்: இவரது சேவை இனித் தேவையில்லை. லீவு முடிந்து தாமதமாகத் திரும்பியது நான்கு முறை, அதற்காக நான்கு சிவப்பு மைப் பதிவுகள். அப்படி நான்கு சேர்ந்தால் ஆளை வேண்டாதவர் என்று வீட்டுக்கு அனுப்பிவிடலாமாம். 'நடத்தை' என்ற கட்டத்தில் ஒரே ஓர் ஆங்கிலச் சொல். அகராதியில் பார்த்தேன். நான்கைந்து விதமாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் கட்டத்துக்குள் அடங்கும்படி சொன்னால், 'ஏனோதானோ'. ஒன்பது வருடத்தை ஒரு சொல்லாக்கும் வேலையை எங்கேயோ ஒரு கூடாரத்தில் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்து செய்திருக்கிறான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. என்மேல்தான் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

"அப்ப கேன்டீன் கார்டு?"

"முன்னாள் படைவீரர்னே என்னய ஒத்துக்கிட மாட்டாங்க சார். கார்டுக்கு எங்க போக? ரெண்டு தடவ கடையில வாங்கி, லேபிளக் கிழிச்சிட்டு ஃபோர்மேனுக்குக் குடுத்திரலாமான்னுகூட நெனச்சேன்."

சின்ன முதலாளி நல்ல பிள்ளை. விரட்டவில்லை. "பேப்பரச் சரி பண்ணிட்டு வாங்கண்ணே, கேட் வேல ஒங்களுக்குத்தான்" என்று சொல்லி, நாள்காட்டியின் தலையில் தகரப்பட்டை அடிக்கும் பிரிவுக்கு அவரை மாற்றினார். தொப்பியையும் விசிலையும் மிலிட்டரி துடைத்து ஒப்படைத்தார். மறுநாளிலிருந்து கைலியில் குந்தி உட்கார்ந்து தகரம் அடித்தார். நான் நுழையும்போது எழுந்து சல்யூட் வைக்கக் கை பாதி தூக்கி, நிறுத்திக்கொண்டார். ராசிபலனைப் பற்றிக் கேட்பதும் நின்றுபோனது. என்னுடைய ஒரே வாசகர் அவர். நான் சும்மா இருக்க முடியுமா?

மேல்முறையீடு ஒன்று எழுதினேன். ராத்தூக்கம் கெட்டு எழுதவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் எழுதியது. இமயத்தின் பனிமுகட்டில் தாய்நாட்டின் கண்ணிமையாக விழித்திருந்தவன் என்று ஆரம்பித்தது. வாசித்துக் காட்டினேன். மிலிட்டரி மெதுவாக, "நான் ஸ்டோர்ல இருந்தேன் சார். ராஜஸ்தான்ல. பனியே கெடையாது" என்றார். மணல்முகடு என்று திருத்தினேன்.

இந்த மாதிரி வழக்குகள் நடத்தும் வக்கீலம்மா ஒருவர் மதுரையில் இருந்தார். என் ஐந்து பக்கத்தையும் ஒரு கையால் தூக்கி, கனம் பார்ப்பதுபோலப் பார்த்து, கீழே வைத்தார்.

"யார் எழுதினது?"

"சார்தாம்மா. எழுத்தாளர்" என்று மிலிட்டரி என்னைக் காட்டிக் கொடுத்தார்.

"நல்லா இருக்கு. இத நீங்களே வச்சுக்கோங்க சார். எனக்கு அவரோட ஃபைல்தான் வேணும்." தகவல் உரிமைச் சட்டத்தில் ராணுவத்துக்கு எழுதிப் போடச் சொன்னார்.

ஃபைல் வரும்போது எங்களுக்கு டைரி சீசன் முடிந்திருந்தது. மறுபடி மதுரை. வக்கீலம்மா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனவர், கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலு லீவுல முதல் லீவு, இருக்கன்குடி கோயில்னு எழுதியிருக்கீங்க. சரி, புரியுது. மிச்சம் மூணுக்கும் ஒரே காரணம். வீட்டில் ஸ்டவ் வெடித்து அக்காவுக்குத் தீக்காயம். மூணு வருஷம், மூணு தடவை. என்ன கம்பெனி ஸ்டவ்ங்க அது?"

மிலிட்டரி சுவரைப் பார்த்தார். சுவரில் எங்கள் அச்சகத்து நாள்காட்டிதான் தொங்கியது. அன்றைக்குக் கும்பத்துக்கு 'தெளிவு' என்று நான் எழுதியிருந்தேன்.

"மூணாவது தடவ ஒங்க அதிகாரிக்குச் சந்தேகம் வந்து, ஊர்ப் போலீசுக்கு எழுதிக் கேட்டிருக்கார். அப்படி ஒரு விபத்தே நடக்கலைன்னு பதில் வந்திருக்கு. அதுக்கப்புறம்தான் 'பொய் சொல்லும் பழக்கம் உள்ளவர்'னு எழுதி வெளிய அனுப்பியிருக்காங்க. லேட்டா வந்ததுக்கு மட்டும் இல்ல. நெஜமா என்ன நடந்துச்சு? அத எழுதிக் குடுத்தா வழக்கு நிக்கும். இல்லைன்னா ஒங்க சார் எழுதின மணல்முகட்டக் கொண்டுபோய்க் குடுக்க வேண்டியதுதான்."

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்று எழுந்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் திருமங்கலம் தாண்டும்வரை மிலிட்டரி டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். எனக்கோ கேட்காமலே பாதி புரிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் ஸ்டவ் வெடித்தது என்று சொன்னால் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. கேட்காமலிருப்பதுதான் மரியாதை. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் கருந்திரி சுற்றுகிறவர்கள், அதாவது பட்டாசுக்குள் வைக்கும் மருந்துத் திரியைச் செய்து கொடுக்கிறவர்கள், தீப்பிடித்தால் சொல்லும் சொல் அது. பக்கத்து வீடு அதைக் கேட்டுத் தலையாட்டும். டாக்டர் தலையாட்டுவார். பால்காரர் தலையாட்டுவார். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, ஸ்டவ் எப்படி வெடித்தது என்று விசாரிக்கக் கிளம்பிய ஒரே அமைப்பு இந்திய ராணுவம்தான் என்று நினைக்கிறேன்.

கள்ளிக்குடி பக்கம் மிலிட்டரி ஆரம்பித்தார்.

"லீவுல வந்திருந்தேன் சார். சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். கொல்லைப்பக்கம் அக்கா திரி காயப் போட்டுக்கிட்டு இருந்தா. டப்புன்னு ஒரு சத்தம். ஓடுனேன். வலது கை, வலது பக்கம் பூராவும்..." நிறுத்தினார். "திரி வாங்குற ஏசெண்டு உடனே வண்டியோட வந்துட்டான். கேசு எழுதாத ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். போலீசுக்குத் தெரிஞ்சா அத்தானப் பிடிச்சுட்டுப் போயிருவாக. தெருவுல அம்புட்டு வீட்டுலயும் அதே வேலதான், எல்லாரு பொழப்பும் போயிரும். அக்கா அந்த நெலமையிலயும் என் கையப் பிடிச்சு, யாரு கேட்டாலும் ஸ்டவ்வுன்னு சொல்லுன்னா. சொன்னேன். அடுத்த வருசமும் அதுக்கு அடுத்த வருசமும் தோல் எடுத்து வைக்கிற ஆப்பரேசன். அத்தான் ஆஸ்பத்திரில நிக்க மாட்டாக, மயக்கம் போட்ருவாக. நாந்தான் நின்னேன். திரும்பப் போனா ஏன் லேட்டுங்கான். என்னத்தச் சொல்ல? ஸ்டவ்வுதான்."

"இப்ப அக்காவக் கேட்டு உண்மைய எழுதிக் குடுத்துரலாமே?"

"அக்காவுக்குத் தெரியாது சார்."

"எது?"

"நான் எதுக்கு வந்தேன்னே தெரியாது. கஷ்டம் தாங்காம ஓடியாந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. ஒரு கைய வச்சுக்கிட்டு மூணு பிள்ளைகள வளத்தா. அவகிட்டப் போயி, ஒன்னாலதான் என் வேல போச்சுன்னு சொல்லச் சொல்றீகளா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அதைவிட்டால் எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுமில்லை.

இரண்டு மாதம் ஓடியது. தகரப்பட்டை அடிக்கும் இடத்தில் ஃபோர்மேன் ஒருநாள், "மிலிட்டரி, கேட்ல நின்னாத்தான் சரக்குக் கேப்பம்னு உள்ள வந்து ஒளிஞ்சுக்கிட்டீகளா?" என்று கேட்க, எல்லோரும் சிரிக்க, மிலிட்டரியும் சிரித்தார். சாயங்காலம் என் அறைக்கு வந்தார்.

"அக்கா வீட்டுக்குப் போவோம் சார். ஆனா நாஞ்சொல்றபடிதான். பென்சன் சம்பந்தமா குடும்பத்துல ஒருத்தர் கையெழுத்து வேணும்னு சொல்லுவோம். வெவரம் வேண்டாம். நீங்க ஒண்ணும் பேசிறாதீக."

பேசாமலிருக்கும் பொறுப்பை நான் மகிழ்ச்சியோடு ஏற்றேன்.

அக்கா வீடு சாத்தூருக்குத் தெற்கே. அறுபதை நெருங்கியவர், எங்களைப் பார்த்ததும் ஆட்டுக்குட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தார். வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீக. ஏலே, சாருக்கு ஒரு கலர் வாங்கிட்டு வாலே. வந்து நிக்கிறதப் பாரு, என்னமோ பார்டர்ல நின்னவன் கெணக்கா." பிறகு என்னிடம், "ரொட்டி திங்க முடியாம ஓடியாந்தவன் தம்பி இவன். ஒங்க கம்பெனில ஒழுங்கா இருக்கானா?" என்றார்.

"இருக்கார்மா."

"இருந்தாச் சரி. எம்மூத்தவன் கல்யாணத்துக்கு ரெண்டு பாட்டில் வாங்கிக் குடுறான்னேன். கடைசி வரைக்கும் தரலயே!"

கலர் வந்தது, காராச்சேவு வந்தது. மிலிட்டரி ஒத்திகை பார்த்து வந்திருந்ததை ஒப்பித்தார். பென்ஷன், குடும்பம், கையெழுத்து. அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நெசமா தம்பி?"

"ஆமாம்மா. குடும்பத்தில்... ஒரு நடைமுறை... பொதுவா..." என்று நான் இழுத்தேன். வருடத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் பொய்யைத் துணிந்து அச்சில் ஏற்றுகிற ஆள், ஒன்றை நேரில் சொல்லத் தெரியாமல் கலரைக் குடித்தேன்.

"ரெண்டு பேருக்கும் பொய் சொல்ல வரல" என்றார் அக்கா. "நான் எம்புட்டு ஏசெண்டப் பாத்திருக்கேன்? ஓடியாந்தவனுக்கு எவன் பென்சன் குடுப்பான்? என்னலே விசயம்? சொல்லு. எனக்கு ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்."

மிலிட்டரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சிவப்பு மை, மூன்று லீவு, போலீஸ் பதில், எல்லாம். ஃபைலில் இருப்பதைப் போலவே வரிசையாக, யார்மேலும் குறை வைக்காமல். முடித்தபோது அக்காவின் வலது கை முந்தானைக்கு வெளியே வந்திருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளங்கைப் பக்கம் மடிந்து இருந்தன. அதை அவர் மடியில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டார்.

அழுவார் என்று நினைத்தேன். எழுந்து நின்று கத்தினார்.

"ஏலே கூறுகெட்டவனே! நான் யாருட்டச் சொல்லச் சொன்னேன்? ஊருக்காரனுக்கு, போலீசுக்காரனுக்கு! பட்டாளத்துக்காரன் இங்கன வந்து நம்ம வீட்டப் பூட்டவா போறான்? அவங்கிட்ட உள்ளத எழுத வேண்டியதானலே?"

"யாரு கேட்டாலும்னு சொன்னியேக்கா."

"யாரு கேட்டாலும்னா, யாரு கேட்டாலுமாலே?"

ஆட்டுக்குட்டி கத்தியது. அக்கா உட்கார்ந்தார். வேறு குரலில் என்னிடம் சொன்னார்:

"அப்ப எங்க வீட்ல ஸ்டவ்வே கெடையாது தம்பி. வெறகடுப்புதான். ஸ்டவ் எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. அந்த ஏசெண்டுதான் சொல்லிக் குடுத்தான்."

மிலிட்டரி சட்டென்று சிரித்துவிட்டார். அக்கா முறைத்தார். அப்புறம் அவரும் சிரித்தார், கண்ணில் தண்ணீரோடு. "இம்புட்டு வருசமா ஒன்னய ஓடியாந்தவன், ஓடியாந்தவன்னு சொல்லிட்டேனேலே. ஒரு தடவ இல்லன்னு சொல்லக் கூடாதா?"

"விடுக்கா. ரொட்டியும் நல்லாத்தான் இல்ல."

கையெழுத்துக்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். இளைய மகன் லைசென்ஸ் உள்ள பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருக்கிறான். தான் பழையதைச் சொன்னால் அவனுக்கு ஏதும் வருமா? வக்கீலம்மாவுக்கு அங்கேயே போன் போட்டேன். வராது என்றார். அக்கா போனை வாங்கி அவர் வாயாலும் ஒருமுறை கேட்டுக்கொண்டார். என் வாயில் நம்பிக்கை போய்விட்டது போல.

மதுரையில் நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம். விபத்துக்கு முன்னால் அக்கா பள்ளிக்கூடத்தில் கற்ற கையெழுத்தைப் போடுவாராம். இப்போது அந்தக் கையில் பேனா நிற்காது. அதன் பெருவிரலை மையில் ஒற்றி வைத்தார்கள். தாளில் நீலமாக ஒரு திட்டு விழுந்தது. ரேகைக் கோடே இல்லை. துடைத்து மறுபடி வைத்தார்கள். மறுபடியும் திட்டு.

"ரேசன் கடை மிசினும் இப்படித்தான் சார், என்னய ஆளே இல்லங்கும்" என்றார் அக்கா நோட்டரியிடம், ஏதோ தன் தவறு என்பதைப் போல.

நோட்டரி இடது பெருவிரலை வைக்கச் சொல்லி வேறு தாளை எடுத்தார். வக்கீலம்மா குறுக்கே கைநீட்டி அந்த முதல் தாளை எடுத்துக்கொண்டார். "இதுவும் போகட்டும். ரெண்டையும் சேர்த்தே குடுக்கலாம்."

சென்னையில் ராணுவத் தீர்ப்பாயத்தின் விசாரணைக்கு நான் போகவில்லை. கார்த்திகை முடிவதற்குள் லோடு ஏற்ற வேண்டியிருந்தது. நடந்ததை மிலிட்டரி வந்து சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல், இத்தனை வருடம் கழித்து ஏன் வந்தீர்கள் என்று கேட்டாராம். வக்கீலம்மா அக்காவின் பத்திரத்தை எடுத்து, இவர் அக்காவிடமே சொல்ல இத்தனை வருடம் ஆகியிருக்கிறது என்றாராம். மேடையில் இருந்து விசாரித்த இருவரில் ஒருவர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. அந்த நீலத் திட்டைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாராம்.

தீர்ப்பு பங்குனியில் வந்தது. மூன்று சிவப்புப் பதிவுகள் ரத்து. கோயிலுக்காகத் தங்கியது மட்டும் அப்படியே நிற்கும். அதற்காக ஒருவரை வேண்டாதவர் என்று சொல்ல முடியாது. சாதாரணமாக விடுவிக்கப்பட்டவராக மாற்றி, நடத்தைக் கட்டத்தையும் திருத்த வேண்டும். சர்வீஸ் போதாததால் பென்ஷன் கிடையாது. மிலிட்டரி அந்தக் கடைசி வரியில் நிற்கவே இல்லை. "கட்டத்துல என்ன போடுவாக சார்?" என்றுதான் கேட்டார்.

"நன்று."

"நீங்க இதுவரைக்கும் கும்பத்துக்கு அதப் போட்டதில்லயே சார்."

உண்மைதான். மறுநாள் சேதியைக் கேட்டதும் சின்ன முதலாளி தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கேன்டீன் கார்டுக்கு எழுதிப் போட்டிருப்பதாக மிலிட்டரி ஃபோர்மேனிடம் சொன்னார். "நம்பிட்டேன்" என்றார் ஃபோர்மேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பைக் காட்ட அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா வலது கையை மறைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னார். நான் வாசித்தேன். வழக்குச் சங்கதியெல்லாம் அவருக்கு அலுப்பாக இருந்தது. நடுவில் நிறுத்தினார்.

"இன்னும் ஸ்டவ்வுன்னுதான் போட்டிருக்கானா?"

மிலிட்டரி என் கையிலிருந்து தாளை வாங்கி, அந்த இடத்தைத் தேடி, விரலை வைத்தார்.

"இல்லக்கா. கருந்திரின்னே போட்டிருக்கு."

அக்கா தாளைக் குனிந்து பார்த்தார். ஆங்கிலம் என்பதால் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் மிலிட்டரியின் விரல் இருந்த இடத்தையே பார்த்தார்.

"அப்பச் சரி" என்று எழுந்தார். "கையக் கழுவிட்டு வாலே. தம்பி, நீங்களும் வாங்க. கோழி அடிச்சிருக்கேன்."